மூன்று சொற்களும் ஒரு கடிகாரமும்: டிமென்ஷியா சோதனைகள் எதைப் பார்க்கின்றன?

வாட்ஸாப்பில் பல வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு படம் உண்டு. வரிசை வரிசையாக 9 என்ற எண், நடுவில் எங்கோ ஒரே ஒரு 6. ‘இதைக் கண்டுபிடித்துவிட்டால் உங்களுக்கு அல்சைமர் கிடையாது, நரம்பு டாக்டரிடம் போக வேண்டாம்’ என்று கீழே எழுதியிருக்கும். அந்த 6-ஐக் கண்டுபிடிக்கக் கண்பார்வையும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். ஆரம்பநிலை மறதிநோய் உள்ள பலர் அதைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. இணையத்தில் கிடைக்கும் கேள்வித்தாளை இறக்கி, அம்மாவை ஹாலில் உட்காரவைத்துப் பரீட்சை நடத்தி, 30-க்கு 21 வந்ததும் வீடே இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகிறது. இரண்டு இடத்திலும் கோளாறு ஒன்றுதான்: அந்தச் சோதனை எதை அளக்கிறது, அதன் மதிப்பெண் எதோடு சேர்த்துப் படிக்கப்பட வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

எது சாதாரண மறதி, எது டிமென்ஷியா

வயதானால் மூளை கொஞ்சம் மெதுவாக வேலை செய்வது இயல்பு. கல்யாண வீட்டில் எதிரே வந்து சிரிக்கிறவர் பெயர் நாக்கு நுனியில் நிற்கும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது ஞாபகம் வரும். சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவோம், வந்த வழியை யோசித்துப் பார்த்து எடுத்துவிடுவோம். தகவல் உள்ளேதான் இருக்கிறது. எடுக்க நேரமாகிறது, அவ்வளவுதான்.

ஞாபகம், பேச்சு, திட்டமிடுதல், இடம் அறிதல் போன்ற அறிவுத்திறன்களில் ஒருவர் முன்பு இருந்த நிலையிலிருந்து சரிந்து, அந்தச் சரிவு அன்றாட வேலைகளைப் பாதிக்கும் அளவுக்குப் போய்விட்டால் அது டிமென்ஷியா, அதாவது மறதிநோய். இது தனியொரு வியாதி அல்ல, பல மூளை நோய்களின் விளைவு. அவற்றில் அதிகம் காணப்படுவது அல்சைமர் நோய். அடுத்து, மூளையின் ரத்தக்குழாய்கள் பழுதாவதால் வரும் வகை. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. தலைக்கணக்கில் அது ஏறத்தாழ 88 லட்சம் பேர்.

மேலே சொன்னதில் ‘முன்பு இருந்த நிலையிலிருந்து’ என்பதை விட்டுவிட்டால் எல்லாம் குழம்பிவிடும். இருபது வருஷம் பென்ஷனைத் தானே போய் எடுத்துவந்தவர், இப்போது பணம் எடுக்கும் சீட்டை முன்னால் வைத்துக்கொண்டு எங்கே என்ன எழுதுவது என்று திகைத்து நின்றால் அது கவனிக்க வேண்டிய விஷயம். ஆரம்பத்திலிருந்தே மகன்தான் பேங்க் வேலையைப் பார்த்தான் என்றால் அதே திகைப்பால் ஒன்றும் தெரியப்போவதில்லை. வாழ்நாளெல்லாம் வத்தக்குழம்பு வைத்த கை, புளி கரைத்த பாத்திரத்தை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்பதும் அப்படித்தான்.

இயல்பான முதுமைக்கும் டிமென்ஷியாவுக்கும் நடுவே ஒரு நிலை உண்டு. சோதித்தால் குறை தெரிகிறது, ஆனால் ஆள் தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொள்கிறார். இதை லேசான அறிவுத்திறன் குறைபாடு என்கிறார்கள். இந்த நிலையில் இருப்பவர்களில் சிலர் டிமென்ஷியாவுக்குப் போகிறார்கள், சிலர் அப்படியே இருக்கிறார்கள், சிலர் இயல்புக்கே திரும்பிவிடுகிறார்கள். எளிய சோதனைகள் பிடிக்க முயல்வது இந்த நிலையையும் டிமென்ஷியாவின் முதல் கட்டத்தையும்தான்.

பென்சில், சாவி, சுருட்டு

1901 நவம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனையில் அவுகுஸ்டே டேட்டர் என்ற 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். அவரோடு உட்கார்ந்து கேள்வி கேட்டவர் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர். உங்கள் பெயர் என்ன? அவுகுஸ்டே. உங்கள் கணவர் பெயர்? அவுகுஸ்டே என்றுதான் நினைக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டில் காலிஃபிளவரும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது கீரை என்றார்.

பிறகு பென்சில், சாவி, சுருட்டு போன்ற பொருள்களைக் காட்டினார் அல்சைமர். அந்தப் பெண் பெயர்களைச் சரியாகவே சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து என்னென்ன காட்டினேன் என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. 1906-இல் அந்தப் பெண் இறந்த பிறகு மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து அல்சைமர் விவரித்ததுதான் இன்று அவர் பெயரால் அழைக்கப்படும் நோய். இன்றைக்கு எந்த மருத்துவமனைக்குப் போனாலும் டாக்டர் கேட்கும் கேள்விகளில் அந்தப் பொருள் சோதனையின் சாயல் இருக்கும்.

மூன்று சொற்கள்: உள்ளே என்ன நடக்கிறது

டாக்டர் மூன்று சொற்களைச் சொல்கிறார். உதாரணத்துக்கு வாழை, தபால், செம்பு என்று வைத்துக்கொள்வோம். திருப்பிச் சொல்லச் சொல்கிறார். பிறகு ஒரு படம் வரைவதோ கணக்குப் போடுவதோ, நடுவில் வேறு வேலை தருகிறார். சில நிமிஷம் கழித்து, ‘முதலில் மூணு வார்த்தை சொன்னேனே, என்னென்ன?’ என்று கேட்கிறார்.

பார்க்கச் சிறுபிள்ளை விளையாட்டுபோல இருக்கும். ஆனால் ஞாபகத்தின் மூன்று கட்டங்களையும் இது தனித்தனியே தொட்டுப் பார்க்கிறது. சொன்னதும் திருப்பிச் சொல்வது, காதில் விழுந்து மனதில் ஏறியதா என்பதைக் காட்டும். நடுவில் வரும் வேலை மிக முக்கியம். அது இல்லாவிட்டால் போன் நம்பரை முணுமுணுத்துக்கொண்டே இருப்பதுபோல வாய்க்குள் சொல்லிச் சொல்லிச் சமாளித்துவிடலாம். கவனம் வேறு பக்கம் போன பிறகும் அந்தச் சொற்கள் மிஞ்ச வேண்டுமானால் மூளை அவற்றைச் சேமித்திருக்க வேண்டும். கடைசியில் கேட்பது, சேமித்ததை எடுக்க முடிகிறதா என்பதற்காக.

புதிய தகவலைச் சேமிக்க இன்றியமையாத பகுதி, காதுகளுக்கு நேர் உள்ளே, மூளையின் பக்கவாட்டு மடிப்புகளில் ஒளிந்திருக்கும் ஹிப்போகாம்பஸ். அல்சைமர் நோயில் நரம்பணுக்களுக்குள் சிக்குப்பிடிக்கும் டௌ என்ற புரதம், ஹிப்போகாம்பஸிலும் அதை ஒட்டிய பகுதியிலும்தான் முதலில் சேதத்தைத் தொடங்குகிறது. அதனால் நேற்று மத்தியானம் யார் வந்தார்கள் என்பது பதியாமலே போகிறது. பல பத்தாண்டுகளுக்கு முன் பதிந்து, திரும்பத் திரும்பச் சொல்லி உறுதிப்பட்டவை மூளையின் மேற்பரப்பெங்கும் பரவியிருப்பதால் நெடுநாள் தாக்குப்பிடிக்கின்றன. ‘அப்பாவுக்கு 1964 தனுஷ்கோடிப் புயல் நேத்து நடந்த மாதிரி ஞாபகம் இருக்கு, அவருக்கா மறதி?’ என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதுதான் பதில். புயல் ஞாபகம் இருப்பது ஆறுதல் தரலாம். காலையில் மாத்திரை போட்டாரா என்பது ஞாபகம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சொல் நினைவுக்கு வராதபோது நல்ல டாக்டர் அதோடு விட்டுவிட மாட்டார். ‘ஒண்ணு மரம், செடி வகை’ என்று துப்புக் கொடுப்பார். ‘ஆமா, வாழை!’ என்று பளிச்சென்று வந்தால் தகவல் உள்ளே இருக்கிறது, எடுப்பதில்தான் தடை. மனச்சோர்விலும் ரத்தக்குழாய்ப் பிரச்சினையிலும் இப்படி அடிக்கடி நடக்கும். துப்புக் கொடுத்தும், ‘மாமரமா, தென்னையா, வாழையா’ என்று மூன்றைச் சொல்லிக் காட்டியும் தெரியவில்லை என்றால் அந்தச் சொல் சேமிக்கப்படவே இல்லை. அல்சைமர் நோயின் அடையாளம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. துப்புக்குப் பிறகு சொன்ன பதிலுக்குப் பல சோதனைகளில் மதிப்பெண் கிடையாது. ஆனால் அனுபவமுள்ள மருத்துவருக்கு மதிப்பெண்ணைவிட அதுதான் அதிகம் சொல்லும்.

சுருக்கமாக: மூன்று சொல் சோதனை, புதிய தகவல் மூளையில் பதிந்து நிற்கிறதா என்று பார்க்கிறது. பழைய கதைகள் நன்றாக நினைவிருப்பது இந்தக் கேள்விக்கு விடையாகாது.

பதினொரு மணி பத்து நிமிஷம்

எனக்கு இந்தச் சோதனைகளிலேயே மிகவும் வியப்பைத் தருவது கடிகாரம் வரைவதுதான். ஒரு வெள்ளைத் தாள், ஒரு பேனா. ‘ஒரு கடிகாரம் வரைங்க. எல்லா நம்பரும் போடுங்க. முள் பதினொரு மணி பத்து நிமிஷம் காட்டணும்.’ வேறு ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

வரைகிறவரின் கையைப் பாருங்கள். மூளை நன்றாக இருப்பவர் பலரும் முதலில் 12, 6, 3, 9 என்று நான்கு திசைகளிலும் போட்டுவிட்டு நடுவில் நிரப்புவார்கள். அதுதான் திட்டமிடுதல். திட்டமிட முடியாதவர் 12-இல் தொடங்கி 1, 2, 3 என்று எழுதிக்கொண்டே போவார். பாதி வட்டத்துக்குள் எல்லா எண்ணும் நெருக்கியடித்து முடிந்துவிடும், இடது பக்கம் காலியாகக் கிடக்கும். சிலர் 12-இல் நிறுத்த மறந்து 13, 14 என்று தொடர்வார்கள். வட்டத்துக்கு வெளியே எண்கள் போய்விடுவதும் உண்டு.

முள் போடும் கட்டம் இன்னும் நுட்பமானது. பத்து நிமிஷம் என்பதற்குப் பெரிய முள் 2-இல் நிற்க வேண்டும். ஆனால் காதில் விழுந்தது ‘பத்து’. தாளில் 10 என்ற எண் பதினொன்றுக்குப் பக்கத்திலேயே கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. கை அங்கேதான் இழுக்கும். அந்த இழுப்பை அடக்கி, பத்து நிமிஷத்தை 2 என்று மாற்றிப் போடுவது நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் முன்பகுதி செய்யும் வேலை. அது தளர்ந்தால் ஒரு முள் 11-இலும் மற்றொன்று 10-இலும் போய் நிற்கும். இதற்காகவே இந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்று மணி என்று கேட்டால் இதில் பாதி தெரியாமல் போய்விடும்.

ஆக ஒரே படத்தில் திட்டமிடுதல், இடக்கணக்கு, சொன்னதை மனதில் வைத்திருத்தல், தூண்டுதலை அடக்குதல் என்று நான்கைந்து திறன்கள் வெளிப்படுகின்றன. ஞாபகம் நன்றாகவே இருக்கும் சிலருக்குக் கடிகாரம் மட்டும் கோணிப்போவதைப் பார்க்கலாம். டிமென்ஷியா எப்போதும் மறதியில்தான் தொடங்கும் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

பெயர் பெற்ற மூன்று சோதனைகள்

மூன்று சொல்லையும் கடிகாரத்தையும் மட்டும் சேர்த்தால் அது மினி-காக். அமெரிக்காவின் சூ போர்சனும் அவருடைய குழுவும் 2000-இல் வெளியிட்டது. மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். சொல்லுக்கு ஒன்று வீதம் 3, கடிகாரம் சரியாக இருந்தால் 2, மொத்தம் 5. மூன்றுக்குக் கீழே போனால் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

பழையது, எல்லோரும் கேள்விப்பட்டது, எம்எம்எஸ்இ (மினி மென்டல் ஸ்டேட் எக்ஸாமினேஷன்). மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மெக்ஹியூ மூவரும் 1975-இல் வெளியிட்டார்கள். மொத்தம் 30 மதிப்பெண். தேதி, கிழமை, ஊர், மாடி என்று காலமும் இடமும் கேட்பதற்கு மட்டும் 10. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது, பொருளின் பெயர் சொல்வது, ஒரு வாக்கியம் எழுதுவது, ஒன்றோடொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைவது எல்லாம் உண்டு. 24-க்குக் கீழே என்றால் சந்தேகம். இதன் பலவீனம், முன்மூளையின் திட்டமிடும் வேலையை இது அதிகம் தொடுவதில்லை. ஆரம்பநிலையில் இருப்பவர்கள் நல்ல மதிப்பெண்ணோடு தப்பிவிடுகிறார்கள்.

அந்த ஓட்டையை அடைக்க வந்தது மோகா (மாண்ட்ரியால் காக்னிட்டிவ் அசெஸ்மென்ட்). கனடாவின் மாண்ட்ரியாலில் சியாத் நஸ்ரெதீன் உருவாக்கி 2005-இல் வெளியிட்டது. இதிலும் 30-தான், பத்து நிமிஷம் ஆகும், ஆனால் கடினம் அதிகம்: ஐந்து சொற்கள், கனசதுரம், கடிகாரம், எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றி இணைப்பது என்று போகும். 26-உம் அதற்கு மேலும் இயல்பு என்பது முதலில் வகுத்த எல்லை. அந்த எல்லையில் நோய் இல்லாதவர்கள் பலர் தோற்கிறார்கள், 23 போதும் என்று பின்னால் வந்த ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் வாதிட்டார்கள். தமிழிலும் இதன் வடிவம் இருக்கிறது.

2018 ஜனவரியில் அமெரிக்க அதிபர் டிரம்ப்புக்கு மோகா நடத்தி 30-க்கு 30 என்று அறிவித்தார்கள். உலகம் முழுக்க அதை அறிவாற்றல் பரீட்சைபோலப் பேசினார்கள். முழு மதிப்பெண் வாங்கினால் மேதை என்று பொருளல்ல. இந்தச் சோதனை தேடும் குறைகள் அன்றைக்குத் தென்படவில்லை என்பதே பொருள்.

‘பீப்’ சத்தம் கேட்டால் துப்பாக்கியா?

மதுரை மீனாட்சி அம்மன் கோயில் வாசலில் மெட்டல் டிடெக்டர் வழியாக நடந்தால் பீப் என்று சத்தம் கேட்கும். காவலர் உங்களைக் கைது செய்வதில்லை. ஓரமாக நிறுத்தித் தடவிப் பார்க்கிறார். பெரும்பாலும் அது இடுப்புச் சாவிக்கொத்தோ பெல்ட் கொக்கியோதான். கருவியை இன்னும் கூர்மையாக்கினால் சேலைப் பின்னுக்கும் கத்தும், கூட்டம் நகராது. மந்தமாக்கினால் கத்தியே உள்ளே போய்விடும். டிமென்ஷியாவின் எளிய சோதனைகள் அந்த வாசல்தான். உள்ளே தடவிப் பார்க்கும் வேலை தனி.

வாசலில் நடப்பதற்கு முதற்கட்டச் சோதனை என்று பெயர்: யாரை மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்று பிரிப்பது. நோய் இதுதான் என்று உறுதிசெய்வது நோயறிதல். நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைச் சோதனை பிடிக்கிறது என்பது அதன் பிடிதிறன். நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்பது விலக்குதிறன்.

இப்போது ஒரு கணக்கு. 60 வயதைத் தாண்டிய 1000 பேரை எந்தப் புகாரும் இல்லாமல் வரிசையாகச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். 7.4 சதவீதக் கணக்குப்படி 74 பேருக்கு நோய் உண்டு, 926 பேருக்கு இல்லை. சோதனையின் இரண்டு திறனும் 85 சதவீதம் என்று கொள்வோம். 74-இல் 63 பேரைப் பிடிக்கும், 11 பேர் தப்பிவிடுவார்கள். 926-இல் 15 சதவீதம், அதாவது 139 பேர் நோயே இல்லாமல் மாட்டிக்கொள்வார்கள். மொத்தம் 202 பேருக்கு ‘சந்தேகம்’ என்று வரும்; அவர்களில் உண்மையில் நோய் உள்ளவர்கள் 63 பேர். மூன்றில் ஒருவர்கூட இல்லை.

அதே சோதனையை, வீட்டார் மாற்றத்தைக் கவனித்துச் சந்தேகத்தோடு அழைத்துவரும் 1000 பேருக்குச் செய்யுங்கள். அவர்களில் பாதிப் பேருக்கு நோய் இருப்பதாகக் கொண்டால், 425 பேரைச் சரியாகப் பிடிக்கும், 75 பேர் தவறாக மாட்டுவார்கள். சோதனை மாறவில்லை, யாரை வாசலில் நிறுத்துகிறோம் என்பதுதான் மாறியது. அறிகுறி எதுவுமே இல்லாத முதியவர்கள் எல்லோரையும் சோதிப்பதால் நன்மையா தீமையா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2020-இல் சொன்னதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தெருமுனை முகாமில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கவைத்து அரை நிமிஷத்தில் ‘மெமரி டெஸ்ட்’ எடுத்துப் பயமுறுத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

பள்ளிக்கூடம் போகாத பாட்டி

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு 9 பேர். இன்று எண்பதைத் தொடும் பாட்டிகள் அப்போது பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டிய வயதுக் குழந்தைகள். அவர்களில் பலர் பேனா பிடித்ததே இல்லை. அவர்களிடம் தாளை நீட்டி ஐங்கோணம் வரையச் சொன்னால் கோணலாகத்தான் வரும், அதற்கும் மூளை நோய்க்கும் சம்பந்தம் கிடையாது.

‘இன்னிக்கு என்ன தேதி?’ என்று கேட்டால் விழிப்பார். ‘ஆடி பிறந்து எத்தனை நாளாச்சு, அமாவாசை எப்போ?’ என்று கேட்டுப் பாருங்கள், விரல் மடக்கி எண்ணிச் சரியாகச் சொல்வார். காலம் அறியும் திறன் பழுதில்லாமல் இருக்கிறது. அதைக் கேட்ட விதம்தான் அவருக்கு அந்நியம்.

ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் 1990-களில் டிமென்ஷியாவை ஆராய்ந்தவர்கள் இதை நேராகவே சந்தித்தார்கள். மேரி கங்குலியும் உடன் பணியாற்றியவர்களும் எம்எம்எஸ்இ-யை எழுத்தறியா முதியவர்களுக்கென்று இந்தியில் மாற்றியமைத்தார்கள். அச்சடித்த ‘கண்ணை மூடுங்கள்’ என்பதைப் படித்துச் செய்யச் சொல்லும் இடத்தில், ‘என் முகத்தைப் பாருங்கள், நான் செய்வதை அப்படியே செய்யுங்கள்’ என்று வைத்தார்கள். வாக்கியம் எழுதுவதற்குப் பதில், ‘உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்’ என்றார்கள். ஏழு ஏழாகக் கழிப்பதற்குப் பதில் வாரத்தின் கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார்கள். திறன் அதேதான், அதைத் தொடும் வழி மட்டும் மாறியது. மோகாவிலும் படிப்புக் குறைந்தவர்களுக்கென்று தனி வடிவம் பின்னால் வந்தது.

படிப்பு இன்னொரு பக்கமும் ஏமாற்றும். ஓய்வுபெற்ற பேராசிரியர் 30-க்கு 28 வாங்கிவிடுவார், ஆனால் தினமும் நடைப்பயிற்சி போகும் பார்க்கிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றிருப்பார். அவர் தொடங்கிய உயரம் அதிகம். நிறையச் சரிந்த பிறகும் எல்லைக்கோட்டுக்கு மேலேயே நிற்கிறார். மளிகைக்கடை நடத்தியவர் நோய் முற்றிய பிறகும் கழித்தல் கணக்கில் வெளுத்து வாங்குவார். ஐம்பது வருஷம் செய்த வேலை அவ்வளவு சீக்கிரம் போகாது.

மொழியையும் இதில் சேர்க்க வேண்டும். மதுரையில் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர், கோவையில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர், தமிழில் நடத்தும் சோதனையில் ஓரிரண்டு மதிப்பெண் இழக்கலாம். காது மந்தம் அதைவிடப் பெரிய வில்லன். ‘செம்பு’ என்று சொன்னது ‘வேம்பு’ என்று விழுந்தால் அது ஞாபகக் குறையாகக் கணக்கில் ஏறிவிடும். மூக்குக்கண்ணாடியும் காதுக்கருவியும் இல்லாமல் யாரையும் இந்தச் சோதனைக்கு உட்காரவைக்காதீர்கள்.

சுருக்கமாக: மதிப்பெண்ணைப் படிப்பு, தொழில், மொழி, காது, கண் இவற்றோடு சேர்த்துத்தான் படிக்க முடியும். தனியாக நிற்கும் எண்ணால் பயனில்லை.

வீட்டில் இருப்பவர்களைக் கேட்பது

படிப்பு வேறுபாட்டைத் தாண்ட ஒரு நல்ல வழி, முதியவரை அவரோடே ஒப்பிடுவது. அதற்கு அவரோடு வாழ்கிறவர்களைக் கேட்க வேண்டும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2005-இல் உருவான ஏடி-8 என்ற கேள்விப்பட்டியலில் எட்டே கேள்விகள். கடந்த சில வருஷங்களில் மாற்றம் உண்டா என்று கேட்கும்: பணம் கொடுக்கல் வாங்கலில் தவறான முடிவு, பிடித்த வேலைகளில் ஆர்வம் குறைதல், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வது, புதிய ரிமோட்டோ அடுப்போ பழகச் சிரமம், மாதம் வருஷம் மறப்பது, சிக்கலான கணக்குவழக்கில் தடுமாற்றம், போக வேண்டிய இடங்களை மறப்பது, யோசனையிலும் ஞாபகத்திலும் தினந்தோறும் தொல்லை. இரண்டுக்கோ அதற்கு மேலோ ஆம் என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். பத்து வருஷத்துக்கு முன் இருந்ததோடு ஒப்பிடச் சொல்லும் பட்டியல் ஒன்றும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது.

சென்னையிலும் வேலூரிலும் களப்பணி செய்த 10/66 டிமென்ஷியா ஆய்வுக்குழு முதியவரைச் சோதிப்பதையும் வீட்டாரைக் கேட்பதையும் இணைத்தே பார்த்தது. டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தும் ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதால் வைத்த பெயர் அது. முதியவரிடம் சில கேள்விகள், வீட்டாரிடம் சில கேள்விகள், இரண்டையும் சேர்த்து முடிவு. நம் ஊருக்கு இந்த முறையே பொருந்தும் என்பது என் கருத்து.

ஆனால் வீட்டாரே சோதனையைக் கெடுத்துவிடுவதும் உண்டு. டாக்டர் கிழமை கேட்பார். அம்மா யோசிப்பார். மருமகள் பொறுக்காமல், ‘அத்தை, காலையில முருகன் கோயிலுக்குப் போனோமே, என்ன கிழமை?’ என்பார். ‘செவ்வாய்’ என்பார் அத்தை. அன்பினால் செய்வதுதான், ஆனால் அந்த ஒரு மதிப்பெண் இனி யாருக்கும் உதவாது. கேள்வி கேட்டதும் பதில் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதே ஓர் அறிகுறி என்று மருத்துவர்கள் குறித்துவைப்பார்கள். அதைப் பார்க்க அவர்களுக்கு வாய்ப்புக் கொடுங்கள். வீட்டிலேயே கேள்விகளைச் சொல்லிக்கொடுத்துப் பழக்கிக் கூட்டிக்கொண்டு வருவதும் இதே தவறுதான்.

சத்தம் கேட்ட பிறகு

மதிப்பெண் குறைந்தால் டாக்டர் முதலில் தேட வேண்டியது சரிசெய்யக்கூடிய காரணங்களை. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு இரண்டும் ஞாபகத்தை மந்தமாக்கும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சைவ உணவுக்காரர்களும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷமாகச் சாப்பிடுகிறவர்களும் பி12 விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். மனச்சோர்வு டிமென்ஷியா வேஷம் போடும். கணவரை இழந்த சில மாதங்களில் ‘தெரியலை, தெரியலை’ என்று எல்லாக் கேள்விக்கும் சொல்லும் அம்மாவுக்கு முதலில் துக்கத்துக்கான உதவி தேவை. தூக்க மாத்திரை, அலர்ஜிக்குத் தரும் பழைய வகை மாத்திரைகள், அடிக்கடி சிறுநீர் போவதற்கான சில மருந்துகள் மூளையைத் தூங்கவைக்கும். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். தலையில் அடிபட்டுச் சில வாரம் கழித்து மூளைக்கு மேல் மெல்லக் கசிந்து தேங்கும் ரத்தம், ஸ்கேனில் தெரியும்.

ஒரே நாளிலோ இரண்டு நாளிலோ திடீரென்று குழம்பிப்போனால் அது வேறு சமாசாரம். சிறுநீர்த் தொற்று, உடம்பில் சோடியம் குறைவது, அறுவைச் சிகிச்சை இவற்றுக்குப் பிறகு முதியவர்களுக்கு வரும் திடீர்க் குழப்பம் அவசர சிகிச்சைக்குரியது. அப்போது வார்த்தை சொல்லி, கடிகாரம் வரைந்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உடம்பு தேறிப் பல வாரம் ஆன பிறகே ஞாபகத்தைச் சோதிக்கலாம்.

இவையெல்லாம் இல்லை என்றான பிறகு விரிவான உளவியல் சோதனை, எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் இன்னும் நுட்பமான பரிசோதனைகள். அல்சைமர் புரதங்களைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு அமெரிக்காவில் 2025 மே மாதம் அனுமதி கிடைத்தது. அதுவும் அறிகுறி உள்ள 55 வயதைத் தாண்டியவர்களுக்கு, நிபுணர் பார்வையில் செய்ய வேண்டியது. மாஸ்டர் செக்கப்போடு சேர்த்து எடுத்துக்கொள்ளும் விஷயமல்ல.

குணமாக்கும் மருந்து இல்லாதபோது சீக்கிரம் தெரிந்து என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்யலாம் என்பது முதல் பயன். அதற்கும் மேலாக, சொத்து, பேங்க், சிகிச்சை பற்றித் தன் விருப்பத்தை அவரே தன் வாயால் சொல்லக்கூடிய காலம் அந்த ஆரம்பக் கட்டம்தான். அதைக் கடந்த பிறகு பிள்ளைகள் ஊகித்து முடிவெடுத்துச் சண்டை போடுகிறார்கள். அந்தக் காலத்தை அவருக்கு மிச்சம்பிடித்துக் கொடுப்பதற்காகவாவது சந்தேகம் வந்தால் காலம் கடத்தாதீர்கள்.

எங்கே போவது, எதை எடுத்துப்போவது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முதியோர் நலப் பிரிவோ, நரம்பியல் பிரிவோ, மனநலப் பிரிவோ இந்தச் சோதனைகளைச் செய்யும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் முதியோருக்கென்றே 2024-இல் தேசிய மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கூப்பிட்டுக் கேட்கலாம்.

போகும்போது அப்பாவிடம் ‘உங்களுக்கு மறதி டெஸ்ட்’ என்று சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். பொய்யும் வேண்டாம். ‘பி.பி., சர்க்கரை பார்க்கிற மாதிரி ஞாபகத்தையும் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாம்ப்பா’ என்றால் பெரும்பாலானவர்கள் வருவார்கள். நன்றாகத் தூங்கி, சாப்பிட்டு, காலை நேரத்தில் போவது நல்லது. ஒரு தாளில் நீங்கள் கவனித்த மாற்றங்களை எழுதிக்கொள்ளுங்கள்: என்ன நடந்தது, எப்போது முதல், முன்பு எப்படிச் செய்வார். ‘மறதி அதிகம்’ என்று எழுதினால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. ‘தீபாவளி முதல் கேஸ் அடுப்பை அணைக்க மறக்கிறார், மூன்று தடவை ஆகிவிட்டது’ என்று எழுதுங்கள். அவர் எதிரே அதை வாசிக்காமல் டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

சோதனை முடிந்ததும் எந்தச் சோதனை, என்ன மொழியில் நடத்தினார்கள், எதெதில் மதிப்பெண் போனது என்று கேட்டு, கடிகாரம் வரைந்த தாளின் நகலையும் வாங்கி வையுங்கள். முடிவு எல்லைக்கோட்டில் இருந்தால் ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து மறுபடி பார்ப்பார்கள். அப்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழைய தாள் வேண்டும்.